குவாரிச் சாலையிலிருந்து அப்பா எழுதுவது

சேன்த்-உர்சான்,
அக்டோபர் 14, 1985

என் அருமை மகள் மரீஸுக்கு,

அப்பா எழுதுகிறேன். அந்தப் பனிக்கடல் ஓரத்தில் நீயும் உன் நோயாளிகளும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசாமல் இந்த மனிதர் ஏன் காகிதத்தை எடுத்தார் என்று நினைப்பாய். அங்கே ஆஸ்பத்திரிப் போனில் பேசினால் நாலு பேர் காதில் விழும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், நம் வீட்டுப் போனைக் கண்டாலே எனக்கு இப்போது பிடிக்கவில்லை. மணி அடிக்கிறது. எடுத்தால் யாரும் பேசுவதில்லை; மூச்சு விடும் சத்தம் மட்டும் வருகிறது. அம்மா எடுத்தால், "பேசறதுக்கு ஒண்ணும் இல்லன்னா எதுக்குய்யா கூப்பிடற? போய் வேலையப் பாரு" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். எனக்கு அப்படி வைக்க வரவில்லை. அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே நிற்கிறேன்.

இங்கே உறைபனி விழ ஆரம்பித்துவிட்டது. தோட்டத்து முட்டைக்கோஸை எல்லாம் வெட்டி நிலவறையில் அடுக்கிவிட்டேன். ஹாக்கி அரங்கத்தில் ஐஸ் போட்டுவிட்டார்கள். உன் பெரியம்மாவுக்கு மறுபடியும் முழங்கால் வலி.

மேயர் எர்வே துத்ரிசாக் வீடு வீடாக ஒரு அச்சடித்த தாள் அனுப்பியிருக்கிறார். ஊர் வரலாறு என்று தலைப்பு. குவாரியிலிருந்து வெட்டிய கல்லில்தான் கோயில் கட்டினார்களாம், கன்னியர் மடம் கட்டினார்களாம். நெடுஞ்சாலை வந்தபோது ஜல்லியும் அங்கிருந்துதானாம். தோட்டக்காரர்களின் நிலங்களையெல்லாம் வாங்கி வீடு வீடாகப் போட்டு, தெருக்களுக்குத் தன் பெண்களின் பெயரை வைத்தானே ஒரு ஒப்பந்தக்காரன், அவன் பெயர்கூட இருக்கிறது. நீ சைக்கிள் கற்றுக்கொண்டது அவனுடைய மூத்த பெண்ணின் தெருவில்தான். கடைசியில், நம் ஊரை வளர்த்த குவாரி இன்னொரு முறை நமக்கு உதவப்போகிறது என்று முடித்திருக்கிறார். மாநகரத்துக் குப்பையை அதில் கொட்டப்போகிறார்கள். வரி குறையுமாம், நூலகம் வருமாம். ஊருக்குத் தண்ணீர் எடுக்கும் கிணறுகள் அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன என்பதை மட்டும் தாளில் காணோம்.

டிசம்பர் முதல் திங்கட்கிழமை நகர்மன்றத்தில் வாக்கெடுப்பு. ஆறு கவுன்சிலர்களில் உன் அம்மாவோடு சேர்த்து நான்கு பேர் எதிர்ப்பு, இரண்டு பேர் ஆதரவு. நால்வரில் ஒருவர் மாறினால் மூன்றுக்கு மூன்று ஆகிவிடும். அப்போது மேயர் வாக்குப் போட்டு முடித்துவிடுவார். எதிர்க்கும் மற்ற மூன்று பேரையும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது அம்மாதான். இது ஊருக்கே தெரியும். அந்தக் குப்பையைக் கொண்டுவரப்போகும் லாரிக்காரர்களுக்கும் தெரியும்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். போன வாரம் காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிப் பேருந்தைக் குவாரிச் சாலையில் ஓட்டி வந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு காலி டிப்பர் லாரி வந்து ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் அதன் முகப்பு மட்டும்தான் தெரிந்தது, வானம் தெரியவில்லை. ஹாரனை அழுத்திப் பிடித்தபடியே வந்தான். பிள்ளைகள் முதலில் விளையாட்டு என்று நினைத்துப் பின்சீட்டில் ஏறிக் கை ஆட்டினார்கள். நான் வேகம் எடுத்தால் அவனும் எடுத்தான், குறைத்தால் முட்ட வந்தான். வலது பக்கம் பள்ளம், வெறும் கம்பி வேலி. பிள்ளைகள் கை ஆட்டுவதை நிறுத்தினார்கள். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது, பிறகு எல்லாமே. பள்ளிக்கூட வாசலில் அவன் என் பக்கமாக வந்து நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, தொப்பியைத் தொட்டு, "மேடத்துக்கு வணக்கம் சொன்னேன்னு சொல்லுங்க" என்றான். சிரித்த முகம். மரியாதையான குரல்.

போலீஸில் சொன்னேன். "இடிச்சானா? இடிக்கலைன்னா நான் என்னன்னு எழுத?" என்று கேட்டார்கள். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் பிடிவாதம் ஏறும் என்று பயம். நீ சொன்னால் கேட்பாள். இதிலிருந்து விலகச் சொல்லி ஒரு வரி எழுது, மகளே. நான் கேட்டதாகத் தெரிய வேண்டாம்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா லொமேர்


நவம்பர் 5, 1985

அன்பு மரீஸ்,

உன் கடிதம் அம்மாவுக்கு வந்தது. சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டு மடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "எழுத்து மரீஸோடது. பேசறது நீ" என்றாள்.  பிறகு எனக்குப் பட்டாணி சூப்பை நிறைய ஊற்றினாள். அவளுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான் என்று உனக்குத் தெரியும்.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால், நாங்கள் காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது பூக்கடை வண்டி வந்து நின்றது. பூக்கடை ரொலாந்த் அம்மாள் தானே ஒரு பெரிய மலர் வளையத்தைத் தூக்கிக்கொண்டு அழுத முகத்தோடு ஏறி வந்தாள். கதவைத் திறந்தது உன் அம்மா. ரொலாந்த் பேயைப் பார்த்தவள் மாதிரி பின்வாங்கிவிட்டாள். ரிப்பனில் தங்க எழுத்தில் உன் அம்மா பெயரைப் போட்டு, "கொலோம்ப் சிகோத், அமைதியில் இளைப்பாறுக" என்று எழுதியிருந்தது. "போன்ல ஒரு ஆம்பளக் குரல், கொலோம்ப். துக்க வீடுன்னு சொன்னான். நான் உனக்காக நேத்தெல்லாம் அழுதேன்டி!" என்று சொல்லி, ரொலாந்த் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மா அவளுக்குக் காபி கொடுத்தாள். பிறகு ரிப்பனைக் கழற்றிவிட்டு, வளையத்தைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் உன் தாத்தாவின் கல்லறை மேல் வைத்தாள். "பூ என்ன பாவம் பண்ணிச்சு" என்றாள். நடந்து திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டு வாசல் வரை விடவே இல்லை. 

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. பேருந்து விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். வெளுத்துப் போய் உட்கார்ந்துவிட்டாள். "உள்ள எத்தனை பிள்ளைங்க?" என்று மட்டும் கேட்டாள். பேருந்து நிறைய என்றேன். "அப்ப நான் விலகிடறேன், லொமேர். என்னை என்ன வேணா பண்ணட்டும். பிள்ளைங்க வேணாம்" என்றாள். நான் கேட்க விரும்பிய வார்த்தை அதுதான். ஆனால் அவள் தன் கோட்டை எடுத்து மாட்டுவதற்குக்கூடக் கை வராமல் நின்றதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

அவள் விலகுவதை அவளுக்குப் பதிலாக நானே மேயரிடம் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினேன். எர்வேயை ஹாக்கி அரங்கத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் பிடித்தேன். கதவைச் சாத்தினார். விளையாடுகிறவர்களின் சத்தம் வெளியே பலமாகக் கேட்டது. அது நல்லது என்று அவர் நினைத்ததாகத் தோன்றியது. நான் சொன்னதும் அந்த மனிதர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார், மரீஸ். ஒவ்வொரு கூட்டத்திலும் உன் அம்மாவை வாய்க்கு வந்தபடி ஏசுகிற எர்வேதான்.

"விலகக் கூடாதுன்னு சொல்லு. லொமேர், உன் கால்ல விழறேன், கைய இறக்க வேணாம்னு சொல்லு" என்றார். எனக்குப் புரியவில்லை. "என் பேத்தி எந்தப் பள்ளிக்கூடம், எந்த வகுப்பு, எந்தப் பக்கமா நடந்து போறா, எல்லாம் அந்த லாரிக்காரங்க எங்கிட்ட ஒப்பிச்சாங்க. நான் முடியாதுன்னு சொல்ல முடியாது. மன்றம் என்னைத் தோக்கடிச்சா மட்டும்தான் நான் தப்பிச்சேன். நான் முயற்சி பண்ணேன், பொம்பளை விடலன்னு சொல்லிக்குவேன். அதுக்குத்தான் அவளை அப்படித் திட்டறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு, "என்னைக் கிழட்டுக் கோழின்னானே, அதுவும் நடிப்பா?" என்று கேட்டாள். அது நடிப்பா என்று எனக்குத் தெரியாது என்றேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவள் விலகவில்லை.

பிள்ளைகளுக்காக ஒன்று செய்தேன். வழியை மாற்றிவிட்டேன். இப்போது பேருந்து கோயில் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. தாய்மார்கள் ஏன் என்று கேட்கிறார்கள். சாலை வழுக்குகிறது என்கிறேன். எர்வே சொன்னதை நீ யாரிடமும் மூச்சு விடாதே.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா


டிசம்பர் 9, 1985

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதம் அடுத்த விமானத்திலேயே உன் கைக்கு வந்துவிட வேண்டும். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

வாக்கெடுப்புக்கு நகர்மன்ற அறை போதாது என்று கோயிலுக்குக் கீழே உள்ள கூடத்தில் வைத்தார்கள். நிற்க இடமில்லை. சுவர் ஓரமாக வெளியூர் ஆட்கள் மூன்று நான்கு பேர் தோல் கோட்டோடு நின்றார்கள். யாரும் அவர்களுக்கு இடம் விடச் சொல்லவில்லை; தானாகவே சுற்றி இடம் இருந்தது. தொப்பியைத் தொட்டவனும் அதில் இருந்தான். என்னைப் பார்த்துத் தலையசைத்தான்.

எர்வே வழக்கம்போல ஆரம்பித்தார். "இந்த ஊரை அம்மணி தன் சமையலறைன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க" என்று கத்தினார். பாதிப் பேர் சிரித்தார்கள். அம்மா, "சமையலறையா இருந்தா நடுவுல குப்பையைக் கொட்ட விடமாட்டேன், எர்வே" என்றாள். மீதிப் பேர் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அவர் நெற்றி வியர்ப்பது தெரிந்தது.

கை தூக்கச் சொன்னார்கள். எதிர்ப்பவர்கள் என்றதும் அம்மா தூக்கினாள். இன்னும் இரண்டு கைகள் எழுந்தன. மருந்துக்கடை நோர்மானின் கை எழவில்லை. நால்வரில் ஒருவர் அவர். அன்று காலையில்கூட அம்மாவிடம் உறுதி சொன்னவர். மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆதரிப்பவர்கள் என்றதும் அவர் கை மெதுவாக மேலே வந்தது. அவர் மனைவி கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே போய்விட்டாள். அவரைத் திட்டாதே, மரீஸ். அவரிடம் என்ன சொன்னார்கள் என்று நமக்குத் தெரியாது.

மூன்றுக்கு மூன்று. எல்லா முகமும் எர்வே பக்கம் திரும்பியது. அவர் தப்பிக்க நினைத்த ஒரே இடத்தில் அவரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். எழுந்தார். தண்ணீர் குடித்தார். சுவர் ஓரம் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அவள் கெஞ்சவில்லை. இறக்க மறந்துபோய் இன்னும் கையைத் தூக்கியே வைத்திருந்தாள். எர்வே ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. குமாஸ்தா, "சத்தமா சொல்லுங்க, மேயர்" என்றார். "வேண்டாம்னு எழுதிக்கோ" என்றார் எர்வே.

கூடமே எழுந்து கத்தியது. பங்குச் சாமியார்கூடக் கை தட்டினார். தோல் கோட்டுக்காரர்கள் அவசரமே இல்லாமல் வெளியே போனார்கள். அவர்கள் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமைப் பூசை. சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது தீயணைப்புச் சங்கு ஊதியது. தீயணைப்பில் இருக்கும் நம் ஊர் ஆட்கள் ஆங்காங்கே பெஞ்சிலிருந்து எழுந்து ஓடினார்கள். சாமியார் நிறுத்திவிட்டார். வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று கோயில் முழுக்கக் காதால் பின்தொடர்ந்தோம். அது முதலில் குவாரிச் சாலைப் பக்கம் வந்தது. அங்கே நம் வீடு. அம்மா என் கையைப் பிடித்தாள். பிறகு சத்தம் ஆற்றுப் பக்கம் திரும்பியது. எங்களுக்கு முன்னால் எர்வே, மனைவி, பேத்தியோடு உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எழவும் இல்லை. பேத்தியின் தொப்பியைச் சரிசெய்து, அவளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார். யாருடைய வீடு என்று வந்து சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

எரிந்த எர்வே வீட்டில் யாரும் இல்லை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. நேற்று மாலையே குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. தெரியாமல் இருப்பதே அவருக்கு நல்லது என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது. பதவி விலகல் இன்று காலை வந்தது, உடல்நிலை காரணம் என்று.

மத்தியானம் சிலர் நம் சமையலறைக்கு வந்தார்கள். அம்மாவை மேயர் தேர்தலில் நிற்கச் சொன்னார்கள். அவள் என்னைப் பார்த்து, "நீ சொல்லு, லொமேர். நீ வேணாம்னா வேணாம்" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். குழந்தைத் தொப்பியைச் சரிசெய்த அந்தக் கை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. "நில்லு" என்றேன். 

ஆகையால் மகளே, கிறிஸ்துமஸுக்கு நீ வராதே. அம்மா உன் அறையில் புதுத் திரைச்சீலை மாட்டியிருக்கிறாள், உனக்காக இறைச்சி வாங்கச் சொல்லிப் பட்டியல் போடுகிறாள். வரச்சொல்லி எழுதுவாள். நோயாளிகள் அதிகம், விமானம் இல்லை, எதையாவது சொல். அந்தப் பொய்க்குக் கடவுளிடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உன்னைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு இருக்கிறது என்பதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீ கிளம்பிவிடுவாய்.

அம்மாவுக்கு மட்டும் அடிக்கடி எழுது. நல்ல விஷயங்களாகவே எழுது. வாரா வாரம் எழுது, இந்தக் குளிர்காலத்தில் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதே.

ஆண்டவர் உன்னை அவ்வளவு தூரத்திலேயே வைத்துக் காப்பாற்றட்டும்.

உன் அப்பா,
லொமேர் சிகோத்