திரும்பிப் பார்த்த என் மனைவிக்கு மறுதேர்வு கோரி

அனுப்புநர்:
நிலைக்கண்ணாடிக் கடைக்காரர்,
பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்து.

பெறுநர்:
தலைமை அலுவலர்,
ஓட்டுநர் உரிம அலுவலகம்.

பொருள்: தடம் மாறும்போது தலையைத் திருப்பியதற்காக என் மனைவிக்கு உரிமம் மறுக்கப்பட்டது – மறுதேர்வு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நேற்றுக் காலை என் மனைவி தங்கள் தேர்வாளர் முன் கார் ஓட்டிக் காட்டினார். தடம் மாறுமுன் கண்ணாடிகளைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, தோளுக்கு மேலாக ஒருமுறை சட்டெனத் திரும்பிப் பார்த்த பிறகே ஸ்டீயரிங்கை அசைத்தார். தேர்வாளரோ, "ரோட்டப் பாருங்கம்மா, பின்னாடி என்ன வேடிக்க?" என்று கடிந்து, தேர்ச்சியில்லை என்றுவிட்டார். பின்னிருக்கையில் துணைக்கு இருந்த நானும் அதற்கு ஆமாம் போட்டேன்.

2. வீடு திரும்புகையில் ஓட்டியவன் நான். கண்ணாடி விற்றுக் குடும்பம் நடத்துபவன். கண்ணாடி பொய் சொல்லாது என்று வழிநெடுக மனைவிக்கு உபதேசம் வேறு. மேம்பாலத்துக்கு முன்பாக, அவர் அமர்ந்திருந்த பக்கத்துத் தடத்துக்கு மாற வேண்டியிருந்தது. கண்ணாடியில் சாலை காலி. திருப்பத் தொடங்கினேன். மணமான நாள் முதல் என்னை 'என்னங்க' என்று மட்டுமே அழைத்தவர், தலையைத் திருப்பிப் பார்த்த வேகத்தில், "யோவ், ஸ்கூட்டரு!" என்று அலறினார்.

3. வண்டியை நேராக்கிவிட்டேன். பின்கதவை ஒட்டி, கண்ணாடிக்கு எட்டாத மூலையிலிருந்து ஒரு ஸ்கூட்டர் வெளிப்பட்டது. ஓட்டியவர் முறைத்தார். அவர் முதுகைக் கட்டிக்கொண்டிருந்த சிறுமி எனக்கு நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டுப் போனாள். அந்த நாக்கை இன்னும் நூறு முறை பார்க்கவும் சம்மதம். ஓரமாக நிறுத்தினேன். மனைவி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுத்தார்.

4. நடந்ததையெல்லாம் மாலையில் தன் தம்பிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார் போலும். "மாமா, உங்க கடையில ஸ்கூட்டர் தெரியாத கண்ணாடி ஒண்ணு எனக்கு எடுத்து வைங்க" என்கிறார் மைத்துனர். ஊரே சிரிக்கட்டும் ஐயா. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. நேற்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

5. ஆகவே, தோளுக்கு மேலாகப் பார்ப்பது வேடிக்கை அன்று என்பதைத் தேர்வாளர்களுக்கு அறிவுறுத்தி, என் மனைவிக்கு விரைவில் மறுதேர்வு அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தற்போது எங்கள் வீட்டில் உரிமம் என்னிடமும் கார் சாவி அவரிடமும் உள்ளன. இரண்டும் அவர் கையில் சேரும்வரை கார் நகராது. இம்மனுவையும் பேருந்தில் வந்தே தருகிறேன்.

நாள்: தேர்வுக்கு மறுநாள்
இடம்: கடை, பெரிய கண்ணாடிக்கு எதிரே

இப்படிக்கு,
உயிரோடும் பணிவோடும்,
(ஒப்பம்)
மேற்படியாரின் கணவர்