எட்டாம் எண் வீட்டில் எத்தனை பேர்

விழுப்புரம்
3.6.2024

அன்புள்ள மலர்விழிக்கு,

நான் நலம். நீ கைப்பேசியை எடுப்பதில்லையாதலால் உன் நலத்தைக் கடிதத்தில் விசாரிக்கிறேன்.

இம்முறை அரசு ஊழியர் குடியிருப்பிலும் ஆள் கணக்கெடுப்பு. கணக்கெடுக்கும் பொறுப்பு என்னுடையது. இரண்டு அறை வீட்டில் ஒருவர் மட்டும் வசித்தால் ஓரறை வீட்டுக்கு மாற வேண்டும் என்பது விதி, நீ அறிவாய். நம் மகள் அஸ்வினி மணமாகிச் சென்றுவிட்டாள். நீ பதினான்கு மாதங்களாக உன் தங்கை வீட்டில் இருக்கிறாய். நம் எட்டாம் எண் வீட்டுக்கு நேரே பென்சிலால் ‘2’ என்று எழுதியிருக்கிறேன். அதை மையால் எழுதுவதா, அழிப்பதா என்று இருபதாம் தேதிக்குள் தெரிவிக்கவும்.

படிவம் காத்திருக்கிறது. நானும்.

அன்புடன்,
இருதயராஜ்

திண்டிவனம்
8.6.2024

அன்புள்ளவருக்கு,

வணக்கம். உங்கள் கேள்வி படிவத்துக்காகவா, எனக்காகவா என்று நான்கு முறை படித்தும் தெரியவில்லை.

தங்கை செண்பகம் கணவனை இழந்து ஓராண்டுகூட ஆகாதபோது, இந்த வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் அவள் வாசலில் நின்று செருப்புகளை எண்ணி, ஒரே ஜோடி என்று எழுதிக்கொண்டு போனீர்கள். அவள் கலந்து வைத்த காபியை, பணி நேரம் என்று தொடவில்லை. பின்னறையில் தையல் மெஷின் இருப்பதால்தான் அவள் பிழைக்கிறாள். வீடு பறிபோகாமலிருக்க என் பெயரை அவள் ரேஷன் கார்டுக்கு மாற்றினேன். அந்த விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவரும் நீங்கள்தான். நான் அங்கே வந்தால் இங்கே மறுபடியும் ஒருத்தி.

பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் ஒரு வழி சொல்கிறாள்: “கணக்கெடுக்கற அன்னைக்கு மட்டும் போய்க்கினு வாம்மா. ரெண்டு பொடவைய கொடில போட்டுட்டு நின்னா போதும்.” வரட்டுமா? உங்களுக்கு வீடாவது மிஞ்சும்.

மலர்விழி

விழுப்புரம்
14.6.2024

அன்புள்ள மலர்விழிக்கு,

அந்த உத்தியைப் பதினொரு வீடுகளில் கண்டுபிடித்திருக்கிறேன். துவைக்காத புடவை கொடியிலும் மடிப்புக் கலையாமல் தொங்கும். அது கிடக்கட்டும். ஒரு நாள் வந்து நின்றுவிட்டு மாலை பஸ்ஸில் நீ திரும்புவதைப் பார்க்க என்னால் இயலாது.

விதிப்படி நான் செய்தது சரி. இன்றும் அதையே சொல்வேன். ஆயினும் நேற்று எனக்குக் கிடைக்கவிருந்த ஓரறை வீட்டை அளந்தேன். நம் கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். செண்பகத்தின் மெஷினை அப்படியோர் அறையில் எங்கே வைப்பது என்று அன்று நான் யோசிக்கவில்லை. காபியையும் குடித்திருக்கலாம்.

‘2’ஐ அழித்து ‘1’ என்று மையால் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டேன். ஓரறை வீடு வேண்டாமென்றும் எழுதிக் கொடுத்தேன். முப்பதாம் தேதி சாவியை ஒப்படைக்க வேண்டும். திண்டிவனத்திலிருந்து கிளம்பினால், கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றாலும் நேரத்துக்கு அலுவலகம் சேரலாம். இன்று காலை முதல் பஸ்ஸில் திண்டிவனம் வந்து, பஸ் நிலையத்தை விட்டு வெளியே வராமலே திரும்பி, நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டேன்.

செண்பகத்தின் இரண்டு அறை வீட்டில் நால்வர் வரை வசிக்கலாம். வீட்டாரின் சம்மதம் பற்றி விதியில் ஒன்றுமில்லை. ஆகவே கேட்கிறேன்.

அன்புடன்,
இருதயராஜ்

திண்டிவனம்
19.6.2024

அன்புள்ளவருக்கு,

கடிதத்தைச் செண்பகத்துக்குப் படித்துக் காட்டினேன். தைத்துக்கொண்டே கேட்டாள். பஸ் நிலையம் வந்த இடத்தில் மெஷின் நின்றது. “மாமா வர்றாரா, ஆபீசர் வர்றாரான்னு கேட்டு எழுதுக்கா” என்றாள். பதிலுக்குக் காத்திராமல் எழுந்து மெஷினைச் சுவரோரம் தள்ளினாள்.

கட்டிலை எடுத்து வர வேண்டாம். இங்கே பாய் இருக்கிறது. காபியை மட்டும் இம்முறை ஆறவிடாதீர்கள்.

வாசலில் செருப்பை விடும்போது எங்களுடையதை எண்ணாமல் உள்ளே வாருங்கள்.

மலர்விழி