கன்னிமார் தடத்தில் ஒரு குழி

அண்ணா,

இன்று பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் ஒரு வண்ணத்தாள் கிடந்தது. ஏரிக்கரை கேம்ப் இந்த வருஷம் சுற்றுலாக்காரர்களுக்காக அச்சடித்தது. மாட்டு வண்டிச் சவாரி, பறவை பார்த்தல், மணிமங்கலத்துப் பழைய கோயில், தெருக்கூத்து என்று உள்ளே சின்னச் சின்னப் படங்கள். முகப்பில் ஒரே ஒரு பெரிய படம். கறுத்த தண்ணீர், அதன் மேல் எரிந்துகொண்டு மிதக்கும் கற்பூரம். ஆள் இல்லை. கீழே ஆங்கிலத்தில், ‘கிராமத்தின் பல நூற்றாண்டு மரபு’ என்று போட்டிருந்தார்கள்.

அந்த மரபுக்கு வயது இரண்டு. அது எந்த ஞாயிற்றுக்கிழமை பிறந்தது என்று எனக்குத் தெரியும். நான் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தேன்.

ஓரகடத்தில் இறங்கி நடக்கும்போது அந்தத் தாளைக் கசக்கினேன். பிறகு பிரித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். உனக்கு எழுதாமல் தூங்க முடியாது.

உண்மையான மரபு எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இப்போது அதை மாற்றிச் சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள், அதனால் எழுதி வைக்கிறேன். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால், மதகைத் திறப்பதற்கு முன் நம் தெருவிலிருந்து ஒருவன் விரதம் இருந்து மஞ்சள் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். தலையில் மண்தட்டு, தட்டில் எரியும் கற்பூரம். கரையிலிருந்து ஏரிக்குள் இருக்கிற திட்டு வரைக்கும் தண்ணீரில் நடந்து போய், அங்கே நட்டிருக்கிற ஏழு கன்னிமார் கற்களுக்கு முன்னால் கற்பூரத்தை வைக்க வேண்டும். பார்வை கற்கள் மேலேயே இருக்க வேண்டும். கீழே குனியக் கூடாது. கையில் கோல் கூடாது. கோல் ஊன்றினால் கன்னிமார் மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமாம்.

ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள் எல்லாம் கரையில் நிற்பார்கள். தண்ணீர் அவர்கள் வயலுக்கு. இறங்குவது நம் ஆள். சின்ன வயதில் ஒருமுறை உன்னிடம் கேட்டேன், ஏன் கோல் கூடாது என்று. நீ சிரித்தாய்.

“நாமதான் பாப்பா கோலு. ஆழம் பாக்கத்தானே நம்மள எறக்கி வுடறாங்க. அப்புறம் கோலுக்கு எதுக்கு கோலு?”

எல்லாம் தெரிந்துதான் நீ நடந்தாய். அப்பாவுக்குப் பிறகு நீ. அந்த ஒரு நாள் மட்டும் ஊர்த் தெரு வழியாகச் செருப்போடு போக விடுவார்கள் என்பதும் உனக்கு ஒரு காரணம். கரையில் வந்து செருப்பைக் கழற்றுவாய். அதை நான் தூக்கிக்கொண்டு நிற்பேன்.

கேம்ப் வந்ததும் எல்லாம் விலை பேசப்பட்டது. பட்டணத்து முதலாளி கீற்றுக் குடிசை போட்டு, உள்ளே மின்விசிறி வைத்து, வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டி வந்தார். மிஷன் பள்ளியில் படித்ததால் எனக்கு அங்கே மொழிபெயர்க்கும் வேலை. உனக்குப் படகு தள்ளவும் மூட்டை தூக்கவும். கன்னிமார் நடையைப் பற்றி யாரோ மேனேஜரிடம் சொல்ல, ‘கிராமத்தாருடன் நீரில் நடங்கள்’ என்று அதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது.

தொண்ணூற்றொன்றில், மே மாதம் பெரும்புதூரில் குண்டு வெடித்ததற்குப் பிறகு, விருந்தாளிகள் வரவே இல்லை. சாலை முழுக்கப் போலீஸ். கேம்ப் காலியாகக் கிடந்தது. நீ கட்டட வேலைக்குப் பட்டணம் போனாய். அந்த வெயில் காலம் முழுக்க நம் ஏரிக்குள் லாரி இறங்கியது. நெடுஞ்சாலை ஓரத்தில் கம்பெனிக்கு என்று வளைத்துப்போட்ட நிலங்களை மேடாக்க மண் வேண்டியிருந்தது. மண் நம் ஏரியில் இருந்தது. லாரி தலைவருடையது. ஊருக்குத் தலைவரும் அவரே, ஏரியைக் காக்க வேண்டியவரும் அவரே.

நீ ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது, நம் தெரு ஆட்களோடு போய் அவரிடம் கேட்டாய். கரையிலிருந்து திட்டுக்குப் போகிற கன்னிமார் தடத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்றாய்.

“இன்னாடா, எனக்கு சாமி பயம் இல்லன்னு நெனச்சிக்கினியா? அந்தப் பக்கம் ஒரு கூடை மண்ணு எடுத்தா ஏன்னு கேளு” என்றார்.

திரும்பி வரும்போது நான் நம்பவில்லை என்றேன். நீ நம்பினாய்.

“நமக்கு அவன் பயப்பட மாட்டான் பாப்பா. கன்னிமாருக்குப் பயப்படுவான். அது போதும்.”

மழை வந்தது. ஏரி நிரம்பியது. நடைக்கு ஊர் முதலில் குறித்திருந்தது அடுத்த புதன்கிழமை. ஆனால் மாதக்கணக்கில் காலியாய்க் கிடந்த கேம்ப்புக்கு முதல் வண்டி ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்று மேனேஜர் தலைவரைப் பார்த்துப் பேசி, நாளை மாற்றிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம்தான் உன்னிடம் சொன்னார்கள். அன்று மத்தியானம் அம்மா வைத்த கெண்டை மீன் குழம்பை நீ இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டிருந்தாய். அந்தக் கையில் காப்புக் கட்டினார்கள். அம்மா பதறினாள்.

“வேற யார்னா போவட்டும்டா. வவுத்துல மீனு கீது.”

“கன்னிமாரும் ஏரியிலதாம்மா கீறாங்கோ. மீனு பாக்காதவங்களா?”

மறுநாள் காலை கரையில் நல்ல கூட்டம். விருந்தாளிகள் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உன் பின்னால் வரிசையாக நின்றார்கள். நரைத்த தலை அம்மாள் ஒருத்தி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஆழமா என்று கேட்டாள். நான் உன்னைக் கேட்டேன். தலையில் தட்டு இருந்ததால் நீ திரும்பவில்லை.

“ரோடு மாதிரி கீதுன்னு சொல்லு. எம் பின்னாலயே வரச் சொல்லு.”

சொன்னேன். நீ நடந்தாய். பின்னால் வந்தவர்களும் நானும் முழங்கால் தண்ணீரில்தான் இருந்தோம். உனக்கு முழங்கால், தொடை, இடுப்பு. பார்வை கற்கள் மேல். திட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது நீ இல்லை. தடுமாறியதுகூட இல்லை. நின்ற உயரத்தில் அப்படியே உள்ளே போனாய். தட்டு கவிழ்ந்தது. கற்பூரக் கட்டிகள் மட்டும் எரிந்துகொண்டே தண்ணீர் மேல் பரவின.

அவர்கள் கை தட்டினார்கள் அண்ணா.

அழகாக இருந்தது. அதுதான் கொடுமை. அந்த அம்மாள் என் காதில் “வொண்டர்ஃபுல்” என்றாள். நானும் நீ முக்குளித்து விளையாடுகிறாய் என்றே நினைத்தேன். ஏரியில் உன்னைவிட நன்றாக நீந்துகிறவன் யார்? கை தட்டல் ஓய்ந்த பிறகும் நீ வரவில்லை. அப்புறம்தான் நம் தெரு ஆட்கள் குதித்தார்கள்.

கயிறு கட்டி இழுத்து உன்னை வெளியே எடுத்தபோது, தொடை வரைக்கும் களிமண் அப்பியிருந்தது. லாரி தோண்டிய குழி. அதன் அடியில் மழை கொண்டுவந்து கொட்டிய சேறு. நீச்சல் தெரிந்த காலை அது பிடித்துக்கொண்டது. யாராவது அந்தக் களிமண்ணைப் பாருங்கள் என்று கத்தினேன். ஆனால் நம் பெண்கள் வழக்கப்படி உன்னைக் குளிப்பாட்டிவிட்டார்கள். போலீஸ் வந்தபோது நீ சுத்தமாக, மஞ்சள் பூசிக் கிடந்தாய்.

மேனேஜர் போலீஸிடம், “சரக்கு போட்டுக்கினு எறங்கிட்டான் சார்” என்றார். விருந்தாளிகளை மாட்டு வண்டியில் ஏற்றி வல்லக்கோட்டைப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். நிகழ்ச்சியில் அடுத்தது அதுதான். தலைவர் மாலையோடு வந்தார். குழி என்று நான் ஆரம்பித்ததும், ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

“தடத்துல ஒரு குழியும் இல்ல. மீனு துன்னுட்டு காப்பு கட்னா கன்னிமாரு சும்மா வுடுமா? சாமி குத்தம்.”

மீன் விஷயம் அவர் காதுக்கு எப்படிப் போனது? அம்மாதான் உன் மேல் விழுந்து அழும்போது சொன்னாள். அவள் வாயிலிருந்து எடுத்து அவள் மேலேயே போட்டார்.

உன் சாவைவிட அதுதான் எங்களை அதிகம் தின்றது. அம்மா அந்த மீன் குழம்பு வைத்த மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். “நான்தான்டி எம் புள்ளய கொன்னேன்” என்பாள். நான் குழியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம், “நீ பாத்தியா?” என்பாள். நான் பார்க்கவில்லை. ஏரி நிறையத் தண்ணீர் இருந்தது. கேம்ப் வேலையை விட்டுவிட்டு, இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு காண்டிராக்டர் ஆபீசில் டைப் அடிக்கச் சேர்ந்தேன். அங்கேயும் ஜன்னல் வழியாக மண் லாரிதான் போனது. தண்ணீர் வற்றட்டும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் குழியைக் காட்டுகிறேன் என்று காத்திருந்தேன்.

எனக்கு முன்னால் லாரி காத்திருந்தது. ஏரி முழுசாகக் காய்வதற்குள் இறங்கிவிட்டார்கள். நான் அம்மாவை அழைத்துப் போன அன்று, குழி இருந்த இடத்தைச் சுற்றி நாலா பக்கமும் வெட்டி, ஒரே சமதளமாக ஆக்கியிருந்தார்கள். கரையோரத்தில் மட்டும் பழைய தரை கொஞ்சம் மிச்சம். மற்றதெல்லாம் பள்ளம். ஒரு குழியை மறைக்க ஏரியையே குழியாக்கிவிட்டார்கள். அம்மா பள்ளத்தில் இறங்கி நின்று சுற்றிலும் பார்த்தாள்.

“எங்கடி கீது குழி? எல்லாம் சமமாத்தானே கீது?”

அப்போது அவளே நிமிர்ந்து பார்த்தாள்.

கன்னிமார் திட்டை அவர்கள் தொடவில்லை. நீ சொன்னது பாதி சரி அண்ணா. பயந்தார்கள். திட்டை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றி எல்லாவற்றையும் எடுத்திருந்தார்கள். அது ஒரு மண்தூண் மாதிரி ஒற்றையாக நின்றது. பக்கவாட்டில் புல் வேர் தொங்கியது. உச்சியில் ஏழு கற்கள், நீ முந்தின நடையில் பூசிய மஞ்சள் வெளுத்து. அதைச் சுற்றி ஓர் எட்டு அகலத்துக்குப் பழைய தரை ஒட்டிக்கொண்டிருந்தது, நீ நடந்து பழகிய தரை, எங்கள் தலைக்கு மேலே.

அம்மா தூணுக்குக் கிட்டே போனாள். கையைத் தூக்கினாள். எட்டவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நுனிக்காலில் எம்பி மறுபடி தூக்கினாள். அப்போதும் விரல் அந்தத் தரையைத் தொடவில்லை. கையை இறக்காமல் அப்படியே நின்றாள்.

“இம்மாம் ஆழமா தோண்டி வச்சானுங்க?”

“ஆமாம்மா.”

“எம் புள்ள ஒசரத்துக்கு மேல கீதேடி.”

அன்றைக்குத்தான் உனக்காக அழுதாள். அதுவரைக்கும் அவள் அழுததெல்லாம் குழம்புக்காக. வீட்டுக்கு வந்து கவிழ்த்த சட்டியை நிமிர்த்தினாள். பிறகு ஒரு நாள் கெண்டை வாங்கிக் குழம்பு வைத்து, உனக்கு ஒரு தட்டில் ஊற்றி வைத்தாள்.

போன மழையில் ஏரி நிரம்பியபோது, கோல் இல்லாமல் எவனும் இறங்கக் கூடாது என்று தெரு முழுக்கச் சொன்னது அவள்தான். கோல் கூடாது என்று ஊர் சொன்னது. எவனும் இறங்கவில்லை. சடங்கு இல்லாமலேயே மதகைத் திறந்தார்கள். தண்ணீர் வழக்கம்போல ஓடியது.

கேம்ப்புக்கு மட்டும் நிகழ்ச்சி வேண்டியிருந்தது. கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு கூத்துக்காரனை நிறுத்தி நடக்க விடுகிறார்களாம். கடைசியில் அவன் முழுக வேண்டும். கற்பூரம் மிதக்க வேண்டும். கை தட்டினதும் எழுந்து கும்பிட வேண்டும். அந்தக் கை தட்டலை மேனேஜர் மறக்கவில்லை. நீ செத்ததை நிகழ்ச்சியில் சேர்த்துவிட்டார். அதன் படம்தான் என் பையில் இருக்கிறது.

அம்மாவிடம் காட்டினேன். எழுதியிருப்பதைத் தமிழில் சொன்னேன். விளக்குக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தாள்.

“இத்த பாக்க வர்ற வண்டி எங்க நிக்கும்?”

“கேம்ப் கேட்டுக்கு வெளியே. ஞாயித்துக்கெழம காலையில.”

ஞாயிற்றுக்கிழமை நான் போகப் போகிறேன். துரத்துவார்கள். தலைவரின் ஆட்கள் வருவார்கள். வண்டியிலிருந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் கேட்காமல் போவார்கள். கேட்கிறவர்களுக்கு, ரோடு மாதிரி இருக்கிறது என்று நான் சொன்ன அதே ஆங்கிலத்தில் சொல்லுவேன், இங்கே ஒரு குழி இருந்தது, என் அண்ணன் அதில் செத்தான், குடிக்கவில்லை, சாமி கோபிக்கவில்லை, மண் விற்றார்கள். உன் செருப்பை அன்று கையில் பிடித்த மாதிரி இந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கீழே வைக்க இடம் கிடைக்கவில்லை.

தனியாகப் போவேன் என்றுதான் இருந்தேன். அம்மா வண்ணத்தாளை மடித்துத் திருப்பித் தந்தாள்.

“நானும் வரேன். நீ இங்கிலீஸ்ல சொல்லு. ஆழம் எம்மாம்னு கேட்டா நான் காட்றேன்.”

சொல்லிவிட்டு அடுப்படியில் நின்றபடியே நுனிக்காலில் எம்பி, கையை மேலே தூக்கிப் பார்த்துக்கொண்டாள்.