அம்மாவோட ஹேண்ட்போன்ல உன் குரல் இல்லை

என் அடங்காத தம்பி தினேசுக்கு,

நல்லா இருக்கியான்னு கேட்டா நீ சிரிப்பே. ஆனா கடிதம்னா வேற எப்படி ஆரம்பிக்கிறதுன்னு எனக்குத் தெரியலை. வர்ற ஞாயித்துக்கிழமை உனக்கு வருசத் திவசம். அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு விசயம் சொல்லியாகணும். வீட்டுல சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அம்மாவோட ஹேண்ட்போன் ஞாபகம் இருக்கா? இனிமே இதுக்கு அப்டேட் கிடையாதுன்னு கம்பெனிக்காரன் கைகழுவின போன். நான் தூக்கிப் போடச் சொன்னேன். நீதான், "போன் நல்லா இருக்குக்கா, உள்ள ஓடுற சிஸ்டம்தான் பழசு, மாத்திக்கலாம்லா"ன்னு சொல்லி, எந்த ஊர்லயோ நாலு பேர் ஆசைக்கு எழுதி இன்டர்நெட்ல போட்டிருந்த வேற சிஸ்டத்தை எடுத்து ஏத்தினே. எவனும் எங்கம்மாவை வேவு பார்க்கக் கூடாதுன்னு கூகிளைக்கூட விட்டு வைக்காம கழட்டிட்டே. "உனக்கு வேற வேலை இல்லையாடா, கம்பெனி குடுத்ததை ஏன் நோண்டுறே"ன்னு அன்னிக்கு உன்னைத் திட்டித் தீர்த்தேன்.

ரப்பர் எஸ்டேட்ல பால்மரம் வெட்டின நம்ம அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அதனால நீ எழுத மாட்டே, பேசி அனுப்புவே. நீ வேலை பார்த்த குருபோங் ஃபேக்டரியில மத்தியான பிரேக் விட்டதும் ஒண்ணு வந்துடும். "அம்மா, சாப்பிட்டியா? மருந்து போட்டியா? பொய் சொல்லாதேலா, எனக்குத் தெரியும்." அவ்வளவுதான், தினமும் அதேதான்.

மஸ்ஜித் தானா ரோட்டுல உன் மோட்டார் சைக்கிள் மேல லோரி மோதின அன்னிக்கும் ஒண்ணு வந்துச்சு. "அம்மா, குழம்பு வெச்சிடாதே, சாயங்காலம் உம்பாய் மீன்கடைக்குப் போயி மீன் வாங்கிட்டு வர்றேன்." உன் போன் ரோட்டுலயே நொறுங்கிப் போச்சு. உன் பேச்சுன்னு மிஞ்சினது அம்மா போன்ல இருந்தது மட்டும்தான்.

அதுக்கப்புறம் தினமும் மத்தியானம், தட்டுல சோத்தைப் போட்டுட்டு அம்மா உன்னைப் பேச வைப்பாங்க. நீ சாப்பிட்டியான்னு கேட்டதும், "இந்தா சாப்பிடுறேன்யா"ன்னு சொல்லிட்டுத்தான் முதல் வாய் எடுப்பாங்க. என்னால அதைக் கேக்க முடியாது. எழுந்து பின்பக்கம் போயி பைப்பைத் திறந்து விட்டுட்டு நிப்பேன்.

போன மாசம் போன் மக்கர் பண்ண ஆரம்பிச்சது. தானா அணையும், தானா எழும். உன் பேச்சு பாதியில நின்னுடும். "தினேசு பேச்சு அறுந்து போவுதுடி, வந்து பாரு"ன்னு அம்மா பதறுவாங்க. திவசத்துக்கு உன் படத்துக்கு முன்னால படையல் போட்டு, உன் குரலையும் போடணும்னு அவங்களுக்கு ஆசை. "எம்புள்ள என்னை எப்படிப் பாத்துக்கிட்டான்னு சொந்தக்காரங்க எல்லாரும் கேக்கட்டும்"னாங்க.

போன் வேலை தெரிஞ்ச உன் கூட்டாளிகிட்ட கேட்டிருக்கலாம். எனக்குத்தான் திமிராச்சே! என் தம்பி செஞ்சு வெச்சதைக் கண்டவன் தொடுறதா? நீ ஜொகூர்ல டிரெய்னிங் போயிருந்தப்போ எனக்கு அனுப்பின குறிப்பு என்கிட்ட இருந்துச்சு. உதிரிக்காக வாங்கி வெச்சிருந்தியே, அம்மாவோடது மாதிரியே ஒரு போன், அதுல நானே சிஸ்டம் ஏத்திப் பழகட்டும்னு ஒவ்வொண்ணா எழுதியிருந்தே. அதைப் பார்த்துச் சிஸ்டத்தைத் திரும்ப ஏத்தினா அம்மா போன் சரியாயிடும்னு நினைச்சேன்.

சனிக்கிழமை அம்மா கோயிலுக்குக் கிளம்பினதும் லேப்டாப்புல வயரை மாட்டி உக்காந்தேன். இந்த ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்குக்கான்னு எழுதியிருந்தே. அமுக்கினேன். கறுப்பா வரும், பயப்படாதேன்னு எழுதியிருந்தே. பயப்படலை. நீ பக்கத்துல உக்காந்துக்கிட்டு சொல்ற மாதிரியே இருந்துச்சுடா. நீ போனதுக்கப்புறம் அன்னிக்குத்தான் எனக்குக் கொஞ்சம் சந்தோசமா இருந்துச்சு.

அடுத்ததா, உள்ள இருக்கிறதை அழிக்கணும், 'யெஸ்'னு டைப் பண்ணுக்கான்னு இருந்துச்சு. எல்லாம் போயிடும், திரும்ப எடுக்க முடியாதுன்னு போன்கூட எச்சரிச்சுது. தம்பி எழுதியிருக்கான், தம்பி தப்பா சொல்ல மாட்டான்னு அந்த மூணு எழுத்தையும் அடிச்சேன்.

அடிச்சு முடிச்ச கையோட புரிஞ்சுபோச்சு. நீ எழுதினது காலிப் போனுக்கு. அதுல அழிக்க ஒண்ணுமே இல்லை. அம்மா போனுக்கு அழிக்கிற அந்தப் படி தேவையே இல்லை. "எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் முதல்ல ஒரு காப்பி எடு"ன்னு நீ வாயால நூறு தடவை சொன்னது அப்பத்தான் ஞாபகம் வருது. பாவி நான்.

மலாக்கா டவுன்ல மூணு கடை ஏறி இறங்கினேன். "கூகிள்ல காப்பி இருக்கும், கவலைப்படாதீங்க"ன்னார் ஒருத்தர். அடுத்த கடைக்கு நடந்தேன். கடைசியா உன் கூட்டாளிகிட்டயே போனேன். "போன் எல்லாத்தையும் பூட்டித்தான் வெச்சிருக்கும்கா, சாவியும் சேர்ந்து அழிஞ்சு போச்சு, இனி எடுக்க முடியாது"ன்னான். உன் மேலயும் கோபம் வந்துச்சு, தம்பி. கூகிளை ஏன்டா கழட்டினே? அந்தக் குறிப்புல காப்பி எடுன்னு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? செத்தவன் மேல கோபப்படலாமா, சொல்லு.

போன் இப்போ ரொம்ப நல்லா ஓடுது. ஒரு தடவைகூட அணையலை.

கடையில இருக்குன்னு அம்மாகிட்ட பொய் சொல்லி வெச்சிருக்கேன். அது என் கைப்பையிலதான் கிடக்கு. மத்தியானம் தட்டை முன்னால வெச்சுக்கிட்டு அம்மா சும்மா உக்காந்திருக்காங்க. நேத்து, "சாப்பிடும்மா"ன்னேன். "அவன் இன்னும் கேக்கலையே"ன்னாங்க. அவங்க வழக்கம் அப்படி ஆகிப்போச்சு. தட்டுல சோறு அப்படியே ஆறிப்போச்சு.

நேத்து ராத்திரியெல்லாம் உன் குரலை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். வார்த்தை வருது, குரல் வரலை. நான்தான் தினமும் எழுந்து ஓடிட்டேனே. ஒரே ஒரு நாள் அம்மா பக்கத்துல உக்காந்து கேட்டிருந்தா, என் காதுலயாவது நீ மிச்சம் இருந்திருப்பே.

திவசம் வரைக்கும் இழுக்க மாட்டேன். நாளைக்கு மத்தியானம் அம்மா தட்டைப் போட்டதும் எதிர்ல உக்காந்து எல்லாத்தையும் சொல்லிடுவேன். அடிச்சாலும், அழுதாலும், சாப்பிடாம எழுந்தாலும், பின்பக்கம் ஓட மாட்டேன். இது உன் மேல சத்தியம்.

உன் குரலை அழிச்ச அதே கையால இதை எழுதுற
உன் அக்கா