கூலி கப்பலேறிய கதை

14.7.97
எம்.ஃபில். ஆய்வுக்கு ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்திருக்கிறேன்: 'கூலி'. அது தமிழிலிருந்து போனது என்பது என் கட்சி. இன்றும் கைடு ராஜாராம் சாரோடு வாக்குவாதம். அவர் சௌராஷ்டிரர். "எங்க குஜராத்துல கோலின்னு ஒரு சனம் இருக்குய்யா. அவங்க பேருதான் போர்ச்சுகீசியன் வாயில பூந்து இங்கிலீஷுக்குப் போச்சு" என்று சிரிக்கிறார். அகராதிகளும் அதை ஒதுக்கவில்லை. இருக்கட்டும். என் அப்பா சோணைமுத்து மேலூர் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அந்தச் சொல்லை லேசில் விட்டுக்கொடுப்பேனா?

2.9.97
தமிழில் கூலி என்பது வேலைக்குத் தருகிற பொருள். ஆளின் பெயரே இல்லை. கப்பலில் வந்தவர்கள்தான் அதை வாங்குகிறவன் மேல் முத்திரையாகக் குத்திவிட்டார்கள். நூற்றிருபது பக்கம் எழுதுவேன். ஆத்திரத்திலேயே எழுதுவேன்.

5.2.98
நாளை வைவா. வெளித்தேர்வாளர் சென்னையிலிருந்து வருகிறார். அவர் மனசு வைத்தால் கல்லூரி வேலையே கிடைக்குமாம். யாரும் வந்து உட்காரலாம் என்று கேள்விப்பட்டு அப்பாவும் "நானும் வாரேன்" என்கிறார். வேண்டாம் என்று எப்படிச் சொல்ல?

6.2.98
பாஸ். "பிரமாதம், சோலை" என்று தேர்வாளர் கையைக் குலுக்கினார்.

அதை எழுதவா உட்கார்ந்தேன்?

அப்பா மண்டியிலிருந்து நேராக, தோளில் துண்டோடு வந்திருந்தார். உள்ளே வராமல் வராந்தாவில் நின்றே கேட்டார். முடிந்து வெளியே வந்த தேர்வாளர் தன் பெட்டியை அவரிடம் நீட்டி, "கார்ல வைப்பா" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். இவர் எங்கப்பா சார் — மூணே வார்த்தை. வாய் செத்தா போச்சு எனக்கு? த்தூ! அப்பா பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

7.2.98
நேற்று பஸ்ஸில் அப்பா சொன்னது: "அந்த சார் பத்து ரூவா குடுத்தாரு. சொமந்தேன், வாங்கிக்கிட்டேன். நீ ஏண்டா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வார?"

அடித்திருக்கலாம் அவர் என்னை.

18.9.98
தேர்வாளர் சொல்லிவைத்ததில் திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். பட்டமளிப்புக்கு இரண்டு பேரை அழைத்துவரலாம் என்று கடிதம் வந்தது. அப்பாவிடம் சொன்னேன். "அம்மாவையும் மாமாவையும் கூட்டிட்டுப் போப்பா. பெரிய பெரிய ஆளுக வருவாக. எனக்கு மண்டியில வேலை கெடக்கு" என்றார்.

இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். நான் கூப்பிடவில்லை.