காணாக்கடி மாத்திரை

அக்கா,

கையில் தடிப்பு என்று மருமகள் மாத்திரை வாங்கி வந்தாள். "தூக்கம் வரும் அத்தை, போட்டுட்டு படுத்துடுங்க" என்றாள். அட்டையைப் பிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போனதிலிருந்து எதையும் இப்படித்தான் பாதியில் விடுகிறேன்.

சுதந்திரம் வந்த புதிது. மீன்சுருட்டியில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டில் இருந்தோம். உங்களுக்குக் காணாக்கடி, உடம்பெல்லாம் தடித்துச் சிவக்கும். ஜெயங்கொண்டத்து டாக்டர் சீமையிலிருந்து வந்த புது மாத்திரையைக் கொடுத்தார். அது என்ன செய்கிறது, என்ன கெடுதல் வருகிறது என்று கேட்டுப்போக வாரா வாரம் சைக்கிளில் வருவார். நம் வீட்டுப் பெண்கள் அந்நிய ஆண் முன்னால் வருவதில்லையே. அவர் கூடத்தில் நின்று கேட்பார்; நீங்கள் கதவுக்குப் பின்னாலிருந்து சொல்வீர்கள்.

முதல் தடவை உண்மையைத்தான் சொன்னீர்கள். "அரிப்பு நின்னுடுச்சுங்க. ஆனா அடுப்படியிலயே தூங்கி வுழுறேன்."

அந்தச் சமயத்தில்தான் என் கைப்பிள்ளை ஜன்னி கண்டு போனான். நான் அழவில்லை, தூங்கவும் இல்லை. பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருப்பேன். "இவளுக்குப் புத்தி பேதலிச்சுடும், அப்பன் வூட்டுக்கே அனுப்பிடலாம்" என்று மாமியார் சொன்னது காதில் விழுந்தது. எருமை மேல் மழை பெய்த மாதிரி இருந்தேன்.

"சத்து மாத்திரைடி, முழுங்கு" என்று ஒரு நாள் நீட்டினீர்கள். தூங்கினேன். மறுநாளும் கொடுத்தீர்கள். மெல்ல மெல்லச் சோறு இறங்கியது. என்னை அனுப்பும் பேச்சும் அடங்கியது.

டாக்டர் வந்து, "அரிப்பு இருக்காம்மா?" என்றார்.

"இல்லவே இல்லைங்க."

"தூக்கம்?"

"அது நல்லா வருதுங்க. இன்னும் கொஞ்சம் குடுத்துட்டுப் போங்க."

மருந்து பிரமாதம் என்று அந்த மனிதர் சந்தோஷமாகச் சைக்கிள் ஏறினார். பாவம்.

கிணற்றடியில் உங்களுக்கு முதுகு தேய்த்துவிட வந்தபோதுதான் பார்த்தேன். முதுகு முழுக்கத் தடிப்பும் நகக்கீறலும். சத்து மாத்திரை எதுவென்று அப்போது புரிந்தது.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?"

நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு அரிக்கிற எடத்துல சொறிஞ்சுக்கலாம். உனக்கு எங்கடி சொறியறது?"

அந்த ஈர முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, என் பிள்ளைக்காக அன்றுதான் முதன்முதலாக அழுதேன். நான் ஓயும்வரை நீங்கள் அசையவில்லை.

அந்தக் கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்களும் போய்விட்டார்கள். உங்களுக்காக நான் இன்னும் அழவில்லை, அக்கா. யார் முதுகில் அழுவது என்று தெரியவில்லை.