உள்ளங்கைச் சீனி

குவைத்
6 பெப்ரவரி 2005

லோஜினி அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் பிள்ளையும் சுகமாயிருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். நம்ம பக்கம் டயகமவுக்குத் திரும்பும் ராசம்மா அக்காவிடம் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறேன். ரேடியோ என்று ஆசைப்பட வேண்டாம். வீட்டிலேயே ரத்தத்தில் சீனி பார்க்கும் மெஷின். இந்த வீட்டுப் பெரியம்மாவுக்கும் உங்களைப் போல் சீனி வருத்தம்தான். புதியது வாங்கியதும் பழையதை எனக்குத் தந்தார். விடியற்காலையில் அவர் தொழுது முடித்ததும் நான்தான் குத்திப் பார்க்கிறேன்.

நீங்களும் விடிந்ததும் வெறும் வயிற்றில் பாருங்கள். நம்ம ஊர்க் குளிரில் விரல் விறைத்திருக்கும், இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்குங்கள். நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. நாளுக்கொரு விரலாக மாற்றுங்கள். ரத்தம் வரவில்லை என்று மாட்டு மடி மாதிரி பிழியக் கூடாது. ஸ்ட்ரிப் போத்தலை உடனே மூடுங்கள், பனி ஈரம் பட்டால் எல்லாம் வீண். எண் நூற்றுமுப்பதுக்குள் வர வேண்டும்.

பெரியம்மாவுக்குக் கால்விரல் இரண்டை வெட்டிவிட்டார்கள். கட்டு மாற்றும்போதெல்லாம் உங்கள் கால்தான் கண்ணில் நிற்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

நாகலெட்சுமி


மஸ்கெலியா
12 மார்ச் 2005

அன்புள்ள நாகலெட்சுமிக்கு,

மெஷின் வந்தது. லயத்து வீடுகளெல்லாம் கூடி வேடிக்கை பார்த்தன. நீ சொன்னபடி பக்கவாட்டில்தான் குத்துகிறேன், போத்தலையும் மூடிவிடுகிறேன். ஆனால் எண்ணைப் பார்த்தால் உனக்குக் கோபம் வரும். முதல் நாள் 268. நேற்று 302.

சத்தியமாக நான் இனிப்பைத் தொடுவதில்லை. விடிய எழுந்து தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றுகிறேன். நீ இருந்தபோது செய்த மாதிரியே பிள்ளையின் உள்ளங்கையில் சீனி அள்ளி வைக்கிறேன். மழைக்குக் கசிந்து விரலெல்லாம் ஒட்டுகிறது, வேட்டியில் துடைத்துக்கொள்கிறேன். அவள் அதை நக்கி நக்கிச் சாயம் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே என் வெறும் சாயத்தை வைத்துவிட்டு விரலைக் குத்துகிறேன். பிறகு வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓட்டம்.

ஆஸ்பத்திரியில் தந்த மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன். நீ எப்போது வருவாய் என்று பிள்ளை கேட்கிறாள். நான் கேட்கவில்லை, கேட்டால் அழுவாய்.

செல்லசாமி


குவைத்
9 ஏப்ரல் 2005

லோஜினி அப்பாவுக்கு,

முன்னூற்றிரண்டா? பெரியம்மா பேரீச்சம்பழத்தை ஒளித்துத் தின்றாலும் இவ்வளவு ஏறுவதில்லை. மெஷின் உங்களுக்கு மாமனா மச்சானா, பொய் சொல்லி உங்களை மாட்டிவிட? யார் வீட்டில் திருடித் தின்கிறீர்கள்? நான் இங்கே அடுத்தவர் கக்கூஸ் கழுவுவது எதற்காக என்று நினைத்துப் பார்த்தீர்களா?

லோஜினி, இதை நீ படி. அப்பா எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு சிட்டிகை சீனி கொடுக்காதே.

எண் இறங்கும்வரை எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

நாகலெட்சுமி


மஸ்கெலியா
15 மே 2005

நாகலெட்சுமிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எண்ணும் இறங்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நான் திருடித் தின்னவில்லை. நீயே நம்பாதபோது வேறு யாரிடம் சொல்ல? ஒரு மாத்திரை போடும் இடத்தில் இரண்டு போடுகிறேன். ராத்திரி ரொட்டியையும் விட்டுவிட்டேன். காலையில் கை நடுங்குகிறது, இந்தக் குளிரிலும் வேர்த்துக் கொட்டுகிறது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி நழுவப் பார்க்கிறது. சீனி ஏறினால் அப்படித்தான் இருக்கும் என்று கூட வேலை செய்யும் சிவசாமி சொல்கிறான். எண் இன்றும் முன்னூறுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. நாளையிலிருந்து மூன்று போடப்போகிறேன்.

இறங்கியதும் எழுதுகிறேன்.

செல்லசாமி


குவைத்
2 ஜூன் 2005

லோஜினி அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் இன்றுதான் கிடைத்தது. மாத்திரையைக் கூட்டாதீர்கள். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் சொல்லுங்கள். நடுங்கி வேர்ப்பது சீனி ஏறி அல்ல, இறங்கி. அப்படி வந்தால் உடனே சீனி வாயில் போடுங்கள்.

போன வாரம் பெரியம்மா பேரீச்சம்பழத்தைப் பிய்த்துக் கொட்டை எடுத்துப் பேரனுக்கு ஊட்டிவிட்டு அதே கையை நீட்டினார். எண் எகிறியது. வீட்டுக்கு வரும் நர்ஸ் சிரித்துக்கொண்டே கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து மறுபடி குத்தினாள். பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தொழுகைக்கு முன் பெரியம்மா கை கால் கழுவுவதைத் தினமும் பார்த்தேன். அது தொழுவதற்கு என்றே நினைத்தேன், அதனால் உங்களுக்கு எழுதவில்லை. பிள்ளைக்குச் சீனி அள்ளிய விரலைத்தான் நீங்கள் குத்துகிறீர்கள். கழுவிவிட்டுப் பாருங்கள், இறங்கியிருக்கும்.

இதற்கு உடனே ஒரு வரி எழுதுங்கள். என்னைத் திட்டியாவது எழுதுங்கள்.

நாகலெட்சுமி


மஸ்கெலியா
28 ஜூன் 2005

அம்மாவுக்கு,

அப்பா போய்விட்டதைச் சிவசாமி மாமா டவுனுக்குப் போய்ப் போனில் உங்களிடம் சொன்னார். சீனி ஏறிப் போய்விட்டார் என்றுதான் அவரும் நினைத்தார். உங்கள் கடிதம் கருமாதிக்கு மறுநாள் வந்தது.

அப்பா விழுந்த அன்று காலை, பெரட்டுக்குப் போனவர் பாதி வழியில் திரும்பி வந்தார். சட்டை நனைந்திருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து, "ஒரு சிட்டிகை சீனி தாம்மா, ஒரு மாதிரி வருது" என்றார். "அம்மா குடுக்க வேணாம்னுட்டாங்கப்பா" என்றேன். சரி என்று தலையாட்டினார். பிறகு படியிலேயே சாய்ந்துவிட்டார். லொறி வந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போது நினைவே இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு கை கழுவி என் விரலைக் குத்தினேன். 88. பிறகு அப்பா மாதிரியே சீனி அள்ளி, பாவாடையில் துடைத்துவிட்டுக் குத்தினேன். 291. எனக்குச் சீனி வருத்தம் இல்லை, அம்மா. அப்பா திருடித் தின்னவில்லை.

நான் பேச்சியம்மா அத்தை வீட்டில் இருக்கிறேன், சாப்பிடுகிறேன், பள்ளிக்கூடம் போகிறேன். சாயத்தண்ணியை வெறுமனே குடிக்கிறேன். மெஷினை ராசம்மா அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எழுத வேண்டாம் என்று அப்பாவுக்கு எழுதினீர்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். எனக்கு எழுத வேண்டாம்.

லோஜினி